கோளத்தின் முன் ஒரு வெற்றிடம்

2019 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் எப்காட் கேளிக்கைப் பூங்கா, தன் வாசல் முற்றத்தை மாற்றிக் கட்டப்போவதாக அறிவித்தது. டிக்கெட்டைக் காட்டி உள்ளே வந்தவர்கள் சவாரிகளை நோக்கி விறுவிறுவென்று கடந்துபோகும் தரை அது. யாரும் அங்கே நாளைக் கழிப்பதில்லை. ஆனாலும் ரசிகர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். 1982-ல் பூங்கா திறந்தபோது இருந்த முற்றமே வேண்டும் என்றது ஒரு கட்சி. அங்கே நட்டு வைத்திருந்த கருங்கற்களைத் தொடக்கூடாது என்றது இன்னொன்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே நின்ற மிக்கி மவுஸின் ராட்சதக் கையை நினைத்து ஏங்கியது மூன்றாவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேலையற்றவர்களின் வம்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர்கள் ‘பழைய நினைவு’ என்று பெயரிட்டுச் சண்டையிட்டதில் பாதிக்கு மேல் கண்ணும் மூளையும் அளவைக் கணிக்கும் விதத்தைப் பற்றியது.

முற்றத்தின் எதிரே நிற்பது ‘ஸ்பேஸ்ஷிப் எர்த்’ என்ற வெள்ளிநிறக் கோளம். விட்டம் 50 மீட்டர். மூன்று ஜோடிக் கால்களின் மேல் தரையைத் தொடாமல் நிற்கிறது. உச்சி 55 மீட்டர் உயரத்தில். பெயர், பக்மின்ஸ்டர் ஃபுல்லர் புகழ்பெறச் செய்த சொற்றொடர். முக்கோணங்களைக் கோத்துக் கூரை அமைக்கும் ‘ஜியோடெசிக்’ முறைக்கு 1954-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவரும் அவரே. ஜெர்மனியின் யேனா நகரில் வால்தர் பாவர்ஸ்ஃபெல்ட் 1920-களிலேயே ஒரு கோளரங்கத்துக்கு இதே வகைக் கூரையைப் போட்டுவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகம் ஃபுல்லரின் பெயரைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது.

ஏன் முக்கோணம்? நான்கு குச்சிகளைக் கட்டிச் சதுரம் செய்தால் ஒரு மூலையைத் தள்ளியதும் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளின் முக்கோணம் சாயாது. குச்சி ஒடிந்தால்தான் வடிவம் மாறும். அதனால் கோளத்தின் ஓரிடத்தில் விழும் சுமை அக்கம்பக்கத்து முக்கோணங்களுக்கெல்லாம் பிரிந்து போகிறது. எப்காட் கோளத்தின் கணக்கு அழகானது. 60 பெரிய முக்கோண முகங்கள். ஒவ்வொன்றும் 16 பலகைகளாகப் பிரியும், ஆக 960. ஒவ்வொரு பலகையிலும் நான்கு சிறு பிரமிடுகள். ஒவ்வொரு பிரமிடுக்கும் மூன்று பக்கம். பெருக்கினால் 11,520. கால்களும் கதவுகளும் குறுக்கிடும் இடங்களைக் கழித்துவிட்டால் உண்மையில் இருப்பவை 11,324.

இந்த வலையில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான சந்திப்புகளில் ஆறு முக்கோணங்கள் கூடுகின்றன. ஆறு சமபக்க முக்கோணங்களை ஒரு புள்ளியில் சேர்த்தால் தட்டையான அறுகோணம்தான் வரும். அறுகோணங்களை எத்தனை கோடி அடுக்கினாலும் தரை கிடைக்குமே தவிர, பந்து கிடைக்காது. பந்தாக மூட வேண்டுமானால் சில இடங்களில் ஆறுக்குப் பதில் ஐந்து கூட வேண்டும். எத்தனை இடங்களில்? சரியாகப் பன்னிரண்டு. கோளம் கடுகளவோ மலையளவோ, முக்கோணங்கள் நூறோ லட்சமோ, மற்ற எல்லாச் சந்திப்பிலும் ஆறு கூடினால் ஐந்து கூடும் இடம் பன்னிரண்டுதான். கணிதர் லியோன்ஹார்ட் ஆய்லரின் 18-ஆம் நூற்றாண்டுச் சூத்திரத்திலிருந்து இது தானாக விழுகிறது. கால்பந்தில் கருப்பு ஐங்கோணங்களை எண்ணிப் பாருங்கள், அவையும் பன்னிரண்டு. 1962-ல் டொனால்ட் காஸ்பரும் ஆரன் க்ளூக்கும் கோள வடிவ வைரஸ்களின் புரத ஓடு எப்படி அமைகிறது என்று விளக்கியபோது ஃபுல்லரின் கூரைகளிடமிருந்துதான் யோசனை எடுத்தார்கள். 1985-ல் அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்டது. அதிலும் பன்னிரண்டு ஐங்கோணங்கள். அதற்கு ‘பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன்’ என்று பெயர் வைத்தார்கள். கண்டுபிடித்தவர்களுக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டுமானத்தில் மற்றொரு நுணுக்கம் உண்டு. முழுக் கோளத்தை ஆறு கால்களில் நிறுத்தினால் கீழ்ப்பகுதி பாரம் தாங்காது. ஆகவே கால்களின் மேல் ஒரு வளையமேடை கட்டி, அதன் மேல் பெரிய மேற்பகுதியை உட்காரவைத்து, கீழ்ப்பகுதியை அடியிலிருந்து தொங்கவிட்டார்கள். நாம் ஒரே பந்தாகப் பார்ப்பது உண்மையில் மேலே ஒரு கட்டடம், கீழே ஒரு தொட்டில். ஃப்ளோரிடாவின் சதுப்பு மண்ணில் இந்தப் பாரத்தைத் தாங்க 30 மீட்டருக்கும் ஆழமாகத் தூண்களை இறக்க வேண்டியிருந்தது. மழைக்கும் வழி வைத்திருக்கிறார்கள். மினுங்கும் வெளியோடு கோளத்தின் கூரை அல்ல. அதற்குச் சற்று உள்ளே நீர்புகாத இன்னொரு கோளம் இருக்கிறது. பலகைகளின் இடுக்கு வழியே மழைநீர் உள்ளிறங்கி, இரண்டு கோளங்களுக்கும் நடுவே ஓடி, குழாய் வழியாகப் பூங்காவின் ஏரியில் சேர்கிறது. கோடையில் பிற்பகல் தவறாமல் இடிமழை பெய்யும் ஊரில், அடியில் நடப்பவர் தலையில் அருவி கொட்டுவதில்லை.

இனிச் சண்டைக்கு வருவோம். இந்தக் கோளத்துக்கு ஜன்னல் இல்லை, மாடி இல்லை, படி இல்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே உருவம். ஒரு கட்டடத்தின் உயரத்தை நாம் மாடிகளை வைத்துத்தான் கணிக்கிறோம். இதில் கணிக்க எதுவுமில்லை. ஐந்து மீட்டர் பந்து அருகில் இருந்தாலும், ஐம்பது மீட்டர் பந்து தொலைவில் இருந்தாலும், விழித்திரையில் விழும் வட்டம் ஒன்றே. அப்படியானால் மூளை எதை நம்பும்? முதலில் தரையை. பார்வை பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் கிப்ஸன் 1950-ல் எழுதிய நூலில் இதை வலியுறுத்தினார். நம் காலடியிலிருந்து விரிந்து செல்லும் தரையின் இழைவு, அதாவது கற்களும் கோடுகளும் போகப்போகச் சிறுத்து நெருங்கும் விதம், தொலைவை அளக்கும் கோலாகிறது. தொலைவு தெரிந்தால் அளவு தெரியும். அடுத்து, பக்கத்தில் நிற்கும் பழகிய பொருளை நம்பும். கோளத்தின் காலருகே ஒரு மனிதர் எறும்பாகத் தெரிந்தால் கோளம் மலையாகிவிடும்.

1982-ன் முற்றம் இந்த இரண்டையும் கொடுத்தது. திறந்த தரை, தாழ்வான செடிகள், நடுவே ஒரு நீரூற்று, அதில் மூன்று அக்ரிலிக் தூண்கள். தூண்கள் ஒளி ஊடுருவும் பொருளால் ஆனவை. முற்றத்தின் நடுவே ஒன்றை நட வேண்டும், ஆனால் அது எதையும் மறைக்கவும் கூடாது என்றால் இதைவிடச் சரியான விடை இல்லை.

1999-ல் நிலைமை மாறியது. புத்தாயிரம் கொண்டாட்டத்துக்காக முற்றமெங்கும் கருங்கல் பாளங்களை நட்டார்கள். ஆளைவிட உயரமானவை பல. கட்டணம் செலுத்தியவரின் முகத்தை ஓர் அங்குல உலோகத் தகட்டில் பொறித்து அவற்றில் பதித்தார்கள். தகடுகளின் விற்பனை 2007 வரை நடந்தது. வடிவமைத்தவர் எப்காட்டின் தொடக்கத்திலேயே பங்குகொண்ட மூத்த கலைஞர் ஜான் ஹென்ச். கோளத்தை நன்கு அறிந்த ஒருவர் அதன் முன்னால் கல் நட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. கல்லறைத் தோட்டம் என்று ரசிகர்கள் கேலி செய்தார்கள். கேலி கல்லின் நிறத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையான குறை வேறு. பாளங்கள் தரையை மறைத்தன. தரை மறைந்ததும் அளவுகோல் போயிற்று.

மிக்கியின் கை செய்தது இதைவிட மோசம். அதே ஆண்டில் கோளத்தின் பக்கத்தில் வெள்ளைக் கையுறை போட்ட பிரம்மாண்டக் கை ஒன்று மந்திரக்கோலோடு எழுந்தது. மேலே ‘2000’ என்ற எண். கை என்பது நம் மூளைக்கு மிகவும் பழகிய பொருள். எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும், கை என்றதும் அதன் பக்கத்தில் இருப்பது கைக்குள் அடங்கும் பந்து என்றே மனம் கணக்குப் போடுகிறது. சுமார் 7,000 டன் எடையுள்ள கட்டடம் ஒரு விளையாட்டுச் சாமான் ஆயிற்று. குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது. அந்த வயதில் அங்கே போனவர்கள் இன்றும் அதற்காக வாதாடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். 2007-ல் கை இறங்கியது. கற்கள் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றன.

திறந்த முற்றத்தில் நடக்கும்போது என்ன ஆகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கோளத்தின் மையத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது பார்வையில் ஏறக்குறைய 7 பாகை அகலம். முழுநிலவு அரை பாகைதான். 200 மீட்டரில் 14 பாகை, 100 மீட்டரில் 29, 50 மீட்டரில் 60. முதல் 200 மீட்டர் நடையில் கூடியது 7 பாகை. கடைசி 50 மீட்டர் நடையில் கூடியது 31. நம் நடையின் வேகம் மாறவில்லை. ஆனால் கோளம் வேகமெடுத்து நம்மை நோக்கி வீங்குகிறது. எதிரே வரும் பொருள் இப்படி வீங்கினால் உடல் தானாக எச்சரிக்கையாகும். நெருங்கிவரும் நிழல் கண்டு ஈ பறப்பதும் இதே கணக்கில்தான். அந்த முற்றத்தில் பலர் காரணம் தெரியாமல் ஒரு கணம் நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நடுவில் கற்கள் இருந்தால் கண் அந்த வீக்கத்தைத் தொடர்ந்து பார்க்காது, விட்டுவிட்டுப் பார்க்கும்.

வாசல் சரியில்லாவிட்டால் பூங்காவே சரியில்லை என்று தோன்றும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் சாட்சி உண்டு. 2001 பிப்ரவரியில் அனஹைமில் திறந்த கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவின் நுழைவாயிலில், 50 அடி டைட்டேனியச் சூரியன் ஒன்றை வைத்தார்கள். பார்வையாளர் வடக்கிலிருந்து நுழைவதால் அந்தச் சூரியன் வடக்கு நோக்கி நின்றது. வட அரைக்கோளத்தில் சூரியன் தெற்கு வானில் செல்லும். விளைவு: சூரியச் சின்னத்தின் முகத்தில் வெயில் படவில்லை. அதற்காக வெயிலைத் தேடித் திரும்பும் கண்ணாடிகளைக் கணினியால் இயக்கி, ஒளியைப் பிரதிபலித்து அதன் முகத்தில் அடித்தார்கள். சூரியனுக்கே சூரியஒளியை வாங்கித் தந்த கதை. (ஹீலியோஸ்டாட் என்னும் இதே கருவி நம் ஆரோவில்லின் மாத்ரிமந்திரில் உச்சியிலிருந்து ஒரு கதிரை உள்ளே இருக்கும் படிகக் கோளத்தின் மேல் இறக்குகிறது, அங்கே அது திட்டமிட்டே செய்தது.) பூங்கா எடுபடவில்லை. 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுத் திருத்தியபோது வாசலையும் விடவில்லை. 2012 ஜூனில் அதே இடத்தில் 1920-களின் லாஸ் ஏஞ்சல்ஸ் தெரு எழுந்தது; சூரியன் இருந்த இடத்துக்கு அருகே கார்தே சர்க்கிள் திரையரங்கின் நகல். 1937 டிசம்பரில் ‘ஸ்நோ ஒயிட்’ முதன்முதலாகத் திரையிடப்பட்ட அரங்கு அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எப்காட்டிலும் பார்வையாளர் வடக்கிலிருந்துதான் வருகிறார். ஆனால் அங்கே கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை. தட்டு வடிவச் சூரியனுக்கு முகமும் முதுகும் உண்டு, கோளத்துக்குக் கிடையாது. எந்த நேரத்திலும் அதன் ஒரு பாதியில் வெயில் விழுகிறது. சின்னச் சின்னப் பிரமிடுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் சாய்ந்திருப்பதால், நிழல் பக்கமும் வானத்தின் வெளிச்சத்தைத் துண்டுதுண்டாக வாங்கித் தருகிறது. வழவழப்பான கோளமாக இருந்திருந்தால் ஒரே ஒரு புள்ளியில் கண் கூசும், மற்றதெல்லாம் மங்கும்.

2019-ல் கற்களை அகற்றத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் நீரூற்று திரும்ப வந்தது, மூன்று ஒளிபுகு தூண்களோடு. 1982 கட்சி வென்றது என்று சொல்லலாம். அவர்கள் கேட்டது சரி என்பதே என் தீர்ப்பு. ஆனால் புதிய முற்றத்தைப் பற்றி ஒரு புகார் நியாயமானது: நிழல் போதாது. ஃப்ளோரிடாவின் அந்தப் பகுதி 28 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். அந்த நேரத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் எதுவும் நிழல் தராது, பழைய கற்களும் தந்ததில்லை. குடைபோல் விரியும் மரம்தான் தரும். அந்த மரமோ கோளத்தை மறைக்கும். காட்சியும் குளிர்ச்சியும் ஒரே இடத்தைக் கேட்கின்றன. வடிவமைத்தவர்கள் காட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். மரங்களைப் பக்கவாட்டுக்குத் தள்ளி, நடுவை மட்டும் திறந்துவிட்டால் இரண்டும் ஓரளவு கிடைக்கும். அந்த வேலை இன்னும் தாராளமாக நடந்திருக்கலாம்.

முகம் பொறித்த தகடுகளைத் தூக்கி எறியவில்லை. வாசலுக்கு வெளியே புதிய சட்டங்களில் பதித்திருக்கிறார்கள். பணம் கொடுத்த குடும்பங்களுக்கு, இறந்துபோன ஒருவரின் முகத்தைத் தேடிவரும் பிள்ளைகளுக்கு, இது எளிதில் ஆறும் விஷயமல்ல. அவர்களுடைய கோபத்தை எந்தப் பார்வைக் கோணமும் தீர்த்துவைக்காது.

என்றாவது அங்கே போக வாய்த்தால் சவாரிக்கு ஓடும் முன் முற்றத்தில் நின்று, கோளத்தின் வலையில் ஐந்து முக்கோணப் பலகைகள் கூடும் முனை ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பிரமிடுகளுக்கு நடுவே அது சட்டென்று அகப்படாது. அகப்பட்ட முனையிலிருந்து பலகைகளை எண்ணிக்கொண்டே போனால் அடுத்ததைக் கண்டுபிடித்துவிடலாம்.