கணினி விளையாட்டு உருவாக்கத்தில் பில்ட் சர்வர்

பில்ட் சர்வர் என்பது, ஒரு குழுவினர் எழுதிய மூல நிரலையும் படங்கள், ஒலிகள், முப்பரிமாண உருவங்கள் ஆகியவற்றையும் சேர்த்து, ஆடத்தக்க விளையாட்டாகத் தானாகவே ஆக்கித் தரும் பொதுக் கணினி ஆகும். "என் கணினியில் சரியாக ஓடுகிறதே" என்ற வாதத்துக்கு இது முடிவு கட்டுகிறது. காலையில் நுழைந்த பிழை மாலைக்குள் தெரிந்தால் திருத்துவது எளிது. மூன்று வாரம் கழித்துத் தெரிந்தால் நூற்றுக்கணக்கான மாற்றங்களுக்குள் அதைத் தேட வேண்டியிருக்கும்.

பணியின் படிகள்

அன்ரியல் என்ஜினை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1. பெர்ஃபோர்ஸ், கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிலிருந்து புதிய கோப்புகளைப் பெறுதல்
2. சி++ நிரலைக் கம்பைல் செய்தல்
3. கம்பைல் செய்த துண்டுகளை ஒரே நிரலாக இணைத்தல்
4. படம், ஒலி முதலியவற்றை விளையாட்டு ஓடும் கருவிக்கேற்ற வடிவத்துக்கு மாற்றுதல். இது 'குக்கிங்' எனப்படும்
5. அனைத்தையும் பொதியாக்குதல்

வன்பொருள்

ஒவ்வொரு படிக்கும் தேவை வேறு. சி++ கோப்புகளைத் தனித்தனியே கம்பைல் செய்யலாம் என்பதால், செயலியில் கோர்கள் கூடினால் அந்தப் படி விரைவாகும். ஆனால் கோர்களுக்கு ஈடாக ரேமும் வேண்டும். ஒரு கோப்புக்கு 1.5 ஜிபி எனக் கொண்டால், ஒரே நேரத்தில் 32 கோப்புகளுக்கு 48 ஜிபி ஆகிறது; எனவே 64 ஜிபி பொருத்தம். இணைக்கும் படி பெரும்பாலும் தனியொரு கோரின் வேகத்தையே நம்பியிருக்கும். ஏராளமான கோப்புகளைப் படித்து எழுத என்விஎம்இ வகை எஸ்எஸ்டி உதவும். ஐபோனுக்கான பில்டுக்கு எக்ஸ்கோடு தேவை. அது மேக் கணினியில் மட்டுமே இயங்கும்.

எது முதலில்?

ஒரு பில்டுக்கு 60 நிமிடம் ஆவதாகக் கொள்வோம். அதில் கோர்களுக்குப் பகிரக்கூடிய வேலை 40 நிமிடம், பகிர முடியாதது 20 நிமிடம். கோர்களை இரட்டித்தால் 40 என்பது 20 ஆகும். மொத்தம் 40 நிமிடம், 30 அல்ல. எத்தனை கோர்கள் வாங்கினாலும் 20 நிமிடத்துக்குக் கீழே போகாது. ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த கருத்தின் சாரம் இதுவே. ஆகவே ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துப் பார்த்த பிறகே பணம் செலவிட வேண்டும்.

பணிமுறை

ஜென்கின்ஸ், டீம்சிட்டி போன்ற மென்பொருள்கள் இப்பணிகளை உரிய நேரத்தில் தொடங்கி வைக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலை மட்டும் கம்பைல் செய்து சோதித்து, முழு பில்டை இரவில் ஓட விடுவது வழக்கம். ஒருமுறை மாற்றிய படத்தை மீண்டும் மாற்றாதிருக்க, அன்ரியலில் டெரைவ்டு டேட்டா கேஷ், யூனிட்டியில் ஆக்சலரேட்டர் ஆகியவற்றைக் குழு முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம். எனினும் பழைய கோப்புகள் பிழையை மறைக்கக்கூடும். அவ்வப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகவும் பில்ட் செய்ய வேண்டும்.

பில்ட் தோற்றால், கடைசியாக மாற்றம் செய்தவருக்கு உடனே செய்தி போக வேண்டும். யாரும் பார்க்காத அறிக்கையைத் தருமானால், எவ்வளவு விரைவான சர்வராலும் குழுவுக்குப் பயனில்லை.