வேர் முடிச்சுக்குள் ஒரு கொழுப்புச் சுவர்

ஆண்டிபட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். அதனுள் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது.

அந்தப் பாக்டீரியாவின் உட்சவ்வைச் சற்றுக் கவனிப்போம். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் ஏறக்குறைய அதன் தடிமன். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அதை அமைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நீரை நாடும் ஒரு தலை. நீரை வெறுக்கும் இரண்டு வால்கள். நீரில் விட்டால் அவை தாமாகவே வால்களை உள்ளே மறைத்து அணிவகுத்துக் கொள்ளும். கொத்தனார் வேண்டியதில்லை!

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது. பக்கத்துப் புட்டியில் கடலெண்ணெய் உறைவதில்லை. ஏன்? கடலெண்ணெயின் வால்களில் பெரும்பாலானவை இடையில் மடங்கியவை. நெருக்கமாக அடுக்க முடியாது. வேர் முடிச்சுப் பாக்டீரியாவின் சவ்விலும் இத்தகைய மடங்கிய வால்களே மிகுதி. ஆகவே சவ்வு இளகிய நிலையில் இருக்கிறது. அதில் பதிந்த புரதங்கள் நகர்ந்து பணியாற்ற முடிகிறது.

தலையிலும் ஒரு புதுமை உண்டு. பாஸ்பாடிடைல்கோலின் என்னும் கொழுப்பு நம் செல்களிலும் செடியின் செல்களிலும் ஏராளம், பாக்டீரியாக்களில் அரிது. நம் குடலில் வாழும் ஈ.கோலையிடம் அது கிடையாது. வேர் முடிச்சுப் பாக்டீரியாவிடமோ நிறைய இருக்கிறது. சோயா மொச்சையின் பாக்டீரியாவில் இக்கொழுப்பை வெகுவாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. முடிச்சுகள் தோன்றின, ஆனால் சிவப்பு மங்கியிருந்தது, நைட்ரஜன் வரத்து மிகவும் குறைந்தது.

இந்தத் தலையில் பாஸ்பரஸ் உண்டு. செம்மண்ணிலுள்ள இரும்போ பாஸ்பேட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். பஞ்சம் வந்தால் என் செய்வது? குதிரைமசால் வேரில் வாழும் பாக்டீரியா, பாஸ்பரஸ் இல்லாத கொழுப்புகளைச் செய்து சவ்வில் இட்டு நிரப்புகிறது. கந்தகம் கொண்ட தலை ஒன்று, ஆர்னிதின் என்னும் அமினோ அமிலத் தலை மற்றொன்று. மிச்சமாகும் பாஸ்பரஸ் டி.என்.ஏ. போன்ற தவிர்க்க முடியாத பணிகளுக்குப் போகிறது. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! மெக்சிகோவில் ஆட்டோ கைகரின் குழு, இம்மாற்றுக் கொழுப்புகளைச் செய்ய இயலாத பாக்டீரியாவை உருவாக்கிச் சோதித்தது. பாஸ்பேட் குறைந்த ஊடகத்தில் அதன் வளர்ச்சி குன்றியது. செடியிலோ முடிச்சு நன்றாகவே உண்டாயிற்று என்று 2005-இல் அறிவித்தார்கள். நான் இதை எதிர்பார்க்கவில்லை. முடிச்சுக்குள் வந்த விருந்தாளிக்குச் செடி பாஸ்பேட்டில் குறை வைப்பதில்லை போலும்.

ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில்தான் கலக்க வேண்டும், விதையை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வதற்கும் இதில் பங்கு உண்டு. கொதிக்கும் கஞ்சியில் சவ்வு நிலைகுலைந்து, உள்ளிருப்பவை கசிந்துவிடும், புரதங்களும் சிதையும். பிறகு விதையோடு மண்ணுக்குள் போவது வெறும் கரித்தூள்தான்.