சரிவுத் தளத்தில் படகு இறக்குதல்

மும்பையில் தாராவியின் வடக்கெல்லையை ஒட்டிச் செல்லும் மித்தி ஆறு, மாஹிம் கழி வழியாகக் கடலில் கலக்கின்றது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, இவ்வாற்றங்கரைப் பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வேளையில் மீட்புப் படகை இழுவண்டியில் ஏற்றிச் சென்று விரைந்து நீரில் இறக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இவ்வேலையில், படகுடன் ஜீப்பும் நீருக்குள் சறுக்கிவிடுதல் உண்டு.

காரணம் சாய்தளத்தின் விதியே. படகு இறக்கும் தளம் 8 மீட்டர் நீளத்திற்கு 1 மீட்டர் தாழ்வதாகக் கொள்வோம். அதில் நிற்கும் பொருளின் எடையில் எட்டில் ஒரு பங்கு அதனைக் கீழ்நோக்கி இழுக்கும். ஜீப் 1,500 கிலோகிராம், படகும் இழுவண்டியும் 1,200 கிலோகிராம் எனில், இழுப்பு ஏறக்குறைய 340 கிலோகிராம் எடைக்குச் சமம். பாசி படிந்த ஈரத்தளத்தின் உராய்வெண் 0.2 எனில், ஜீப்பின் நான்கு சக்கரங்களையும் பிரேக் பிடித்தாலும் பிடிப்பு 300-ஐத் தாண்டாது. பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும் கைபிரேக்கை நம்பினால் அதிலும் பாதியே! ஆகவே ஜீப்பை உலர்ந்த தளத்திலேயே நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இழுவண்டியை மட்டும் உறுதியான நீண்ட கயிற்றால் தளர்த்தி இறக்குவது நலம். ஆசிரியர்கள் ஒரு பலகை, சிறு வண்டி, வில்தராசு ஆகியவற்றைக் கொண்டு இவ்விசையை வகுப்பில் அளந்து காட்டலாம்.

எவ்வளவு தூரம் இறக்குவது என்பதைக் கடலின் ஓதம் தீர்மானிக்கின்றது. சென்னையில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஓத வேறுபாடு சுமார் 1 மீட்டரே. மும்பையில் அது 3.6 மீட்டர் அளவாகும். மேற்கூறிய சரிவில் நீர்விளிம்பு 29 மீட்டர் பின்வாங்கும். ஓதம் ஒரே சீராக இறங்குவதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேர இறக்கத்தின் நடுவில், ஒரு மணிக்குள் மொத்தத்தில் கால் பங்கு இறங்கிவிடும். அப்போது நீர்விளிம்பு 7 மீட்டர் விலகும். அரைமணித் தாமதத்தில் தளம் முடிந்து சேறு தொடங்கிவிடலாம். செம்பூரை அடுத்த தாணே கழியோரச் சேற்றில் புதைந்த சக்கரத்தை மீட்பது கடினம். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையை முன்னரே பார்த்துக்கொள்க. கோலி மீனவர் ஆவணிப் பருவத்து நாரளிப் பௌர்ணமியன்று தேங்காய் படைத்துக் கடலுக்குச் செல்லும் வழக்கமும் பெரிய ஓதத்தின் நாளிலேயே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

இறக்குமுன் படகின் வடிகால் துளை அடைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அமரப்புறம் முதலில் மிதக்கத் தொடங்கும். அணியத்தில் கட்டிய கயிறு கரையிலுள்ள ஒருவர் கையில் இருந்தாலன்றி, இணைப்பைக் கழற்றலாகாது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கர அச்சின் தாங்கிகளை உடனே நீரில் அமிழ்த்தினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உள்ளிழுக்கும். சில நிமிடம் ஆறவிடுக.