விதி வேறு, விபரம் வேறு

பாடசாலை அலுவலகத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தை ஒருமுறை எழுதி, மாணவர் பெயருக்கும் வகுப்புக்கும் இடம் விட்டு வைப்போம். பெயர்களோ இடாப்பில் இருக்கும். ஆண்டுதோறும் இடாப்பு மாறும், கடிதம் மாறாது. கணினிகளைப் பராமரிப்போரும் இவ்வொழுங்கையே பட்டறிந்து கண்டுகொண்டனர்.

வங்கி, மருத்துவமனை முதலியவற்றின் இணையப் பணிகளைச் சேவையகங்கள் எனப்படும் கணினிகள் இடையறாது ஆற்றி வருகின்றன. அவை நூற்றுக்கணக்கிற் பெருகவே, ஒவ்வொன்றையும் கையாற் சீர்செய்தல் இயலாததாயிற்று. 2005ஆம் ஆண்டில் லூக் கேனீஸ் என்பார் ‘பப்பெட்’ என்னும் கருவியை வெளியிட்டார். கணினி எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்று நிரலில் எழுதிவைத்தால், கருவி அந்நிலையை ஏற்படுத்திப் பேணிவரும்.

ஆயினும் ஓர் இடர் தோன்றிற்று. நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள இலண்டனிலுள்ள கணினி ஒரு முகவரியை நாடும். சிங்கப்பூரிலுள்ளது வேறொன்றை நாடும். ‘இலண்டனாயின் இது, சிங்கப்பூராயின் அது’ என நிரலுக்குள்ளேயே நிபந்தனைகளை அடுக்கினால், புதிய நகரம் சேருந்தோறும், செவ்வனே இயங்கும் நிரலையே திருத்த நேரிடும். ஒரு நகருக்காகச் செய்த பிழையான திருத்தம் ஏனைய நகர்களின் கணினிகளையும் முடக்கிவிடக்கூடும்.

இவ்விடரைத் தீர்க்க 2011இல் ஆர். ஐ. பீனார் ‘ஹையெரா’ என்னும் துணைக்கருவியை ஆக்கினார். 2012இல் வெளிவந்த பப்பெட் மூன்றாம் பதிப்பில் அது உடன்சேர்க்கப்பட்டது. மாறும் விபரங்கள் நிரலினின்று நீக்கப்பட்டு, தனிக் கோப்புகளிற் படிமுறையாக வைக்கப்படும். கருவி முதலில் அக்கணினிக்கே உரிய கோப்பைப் பார்க்கும். அங்கு விடை இல்லையேல் நகருக்குரியதையும், அதன்பின் பொதுக் கோப்பையும் பார்க்கும். முதலிற் கிடைத்த விடையே கொள்ளப்படும். ‘அன்சிபிள்’ என்னும் கருவியிலும் கணினிக் குழுவுக்கு ஒரு கோப்பும் தனிக் கணினிக்கு ஒரு கோப்பும் வைக்கும் முறை உண்டு.

இதனால் விளையும் நன்மை வசதி மட்டுமன்று, பாதுகாப்புமாகும். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நிரலில் எழுதிவிட்டால், நிரலைக் காண்போர் அனைவரும் திறவுகோலையும் கண்டவராவர். ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விகின்ஸ் இதற்கொரு நல்ல உரைகல் தந்தார்: உங்கள் நிரலை இக்கணமே உலகறிய வெளியிட்டால், இரகசியம் ஏதும் வெளிப்படுமா? வெளிப்படுமாயின், பிரிக்க வேண்டியது இன்னும் பிரிக்கப்படவில்லை.

பிரித்துவிட்டதனால் மட்டும் கவலை தீர்ந்துவிடாது. தனிக் கோப்பில் இருப்பினும் கடவுச்சொல் மறைகுறியாக்கப்படல் வேண்டும். அன்சிபிளில் அதற்கெனப் பெட்டகம் என்னும் வசதி உண்டு. விபரக் கோப்பில் நேரும் ஓர் எழுத்துப்பிழையும் பல கணினிகளை நிறுத்த வல்லது. ஆகவே நிரலைப்போலவே விபரத்தையும் இன்னொருவர் படித்துப் பார்த்தல் முறை. மேலும், விபரக் கோப்பினுள் நிபந்தனைகள் மெல்ல நுழையுமாயின், அதுவும் மற்றொரு நிரலாகிப் பழைய சிக்கல் திரும்பிவிடும்.

எது நிலைப்பது, எது மாறுவது என்று முதலில் வகுத்தறிதல் வேண்டும். அதை வகுத்தவர் விலகிச் சென்ற பின்னரும், அடுத்து வருபவர் அச்சமின்றிப் பணியைத் தொடரலாம்.