கண்ணாடியா, மண்பானையா?

பாம்பின் கூண்டை எதனால் செய்வது என்பது, அது யாருக்கான கூண்டு என்பதைப் பொறுத்தது

புனேவில் 1980-ல் நீலிம்குமார் கைரே என்ற இளைஞர் கண்ணாடி அறை ஒன்றில் 72 விஷப் பாம்புகளுடன் 72 மணி நேரம் இருந்து காட்டினார். சீண்டாதவரை பாம்பு கடிக்காது என்று ஊருக்கு நிரூபிப்பதே நோக்கம். அதற்குக் கண்ணாடியே சரி. 1986-ல் அவர் முயற்சியில் காத்ரஜில் பாம்புப் பூங்காவும் உருவானது.

ஆனால் மூன்று நாள் சாகசம் வேறு, ஆண்டுக்கணக்கில் பராமரிப்பது வேறு. பாம்புக்கு வேண்டியது மறைவிடம். ஒளிய இடமில்லாத கண்ணாடிப் பெட்டியில் அது ஓயாமல் மூக்கைத் தேய்க்கும், இரையெடுக்க மறுக்கும். கண்ணாடி சூட்டையும் தக்கவைப்பதில்லை. உடல் சூட்டுக்குச் சுற்றுப்புறத்தை நம்பியிருக்கும் பிராணிக்கு, 10 டிகிரிக்கும் கீழே இறங்கக்கூடிய புனேயின் குளிர்கால இரவுகளில், இது சின்ன விஷயமல்ல. எனவே காட்சிக்கு வைக்காத பாம்புகளுக்கு அலமாரி அடுக்குகளும் உண்டு: தட்டுகளுக்கு நடுவே இழுப்பறை போலப் பெட்டிகள்.

இந்த அடுக்கை எதனால் செய்வது? மரம் சூட்டைக் காக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். இடுக்குகளில் உண்ணி குடியேறும். பிளைவுட் என்றால் ஓரங்கள் உட்பட வார்னிஷ் பூசி, வாடை போகும்வரை காயவிட வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். தேவதாரு போன்ற மரங்களின் வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது. கம்பி வலை மூக்கைப் புண்ணாக்கும். இரும்புச் சட்டமும், கழுவ எளிதான பிளாஸ்டிக் பெட்டியும், ஓரம் மழுக்கிய காற்றுத் துளைகளும்தான் பாதுகாப்பு. மேல் தட்டே பெட்டிக்கு மூடி என்பதால், பாரத்தில் தட்டு வளைந்தால் இடுக்கு விழும். தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடும்.

சென்னையை அடுத்த வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தேர்ந்தெடுத்ததோ மண்பானை. அடியில் மணல், வாயில் இறுக்கிக் கட்டிய துணி. உள்ளே இருட்டு, துணி வழியே காற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை சில வாரங்கள் இதில் இருந்து, விஷம் கொடுத்துவிட்டு, மீண்டும் காட்டுக்குப் போகின்றன.

விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷமே மூலப்பொருள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் என்கிறது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. பானைக்குள் பாம்பு நலமாக இருப்பதில் மனிதர்களின் உயிரும் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. இந்தக் கணக்கெல்லாம் பூங்காக்களுக்கும் மீட்பு மையங்களுக்கும்தான். அவர்கள் கடைக்குப் போகும்முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே: பாம்பை நாம் பார்க்க வேண்டுமா, அது வாழ வேண்டுமா? முதலாவதற்குக் கண்ணாடி போதும். இரண்டாவதற்கு இருட்டும் வேண்டும்.