நட்சத்திரக் குறி இல்லாத ரிப்போர்ட்

மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் தேடுவது தடித்த எழுத்தையும் பக்கத்தில் போட்ட நட்சத்திரக் குறியையும்தான். எஸ்.ஜி.பி.டி. 36, எஸ்.ஜி.ஓ.டி. 38. இரண்டும் 40-க்குள். ‘லிவர் நார்மல்’ என்று மடித்து வைத்துவிடுகிறோம். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களும், தொப்பை விழுந்தவர்களும் இதோடு நிம்மதியாகிவிடுவதுதான் பெரிய கவலை.

இந்த இரண்டு என்சைம்களும் செல்லுக்குள் இருக்கவேண்டியவை. செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். வைரஸால் காமாலை வந்தாலோ, பாரசிட்டமால் அளவு மீறினாலோ ஆயிரத்தைத் தாண்டும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு என்பதால் ஜிம்மில் கடுமையாக எடை தூக்கியவருக்கும் ஏறும். இவை காட்டுவது இப்போது நடக்கும் சேதத்தை மட்டுமே. வருடக்கணக்கில் கொழுப்பு படிந்து, தழும்பேறி இறுகிய கல்லீரல் இவற்றில் தெரியாமலே போகலாம். சிர்ரோசிஸ் வந்த பலருக்கும் என்சைம் நார்மலாகவே இருக்கிறது. லிவர் டானிக் குடித்து எஸ்.ஜி.பி.டி. இறங்கியது என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

40 என்ற வரம்பே தாராளமானது. அமெரிக்க வல்லுநர்களின் 2017 வழிகாட்டுதல், எஸ்.ஜி.பி.டி.க்கு ஆண்களுக்கு 33, பெண்களுக்கு 25-தான் உச்சவரம்பு என்கிறது.

ரிப்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை இருக்கும். கல்லீரல் இறுகும்போது மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அது குறையும். இதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் ‘ஃபிப்-4’ கணக்கு. வயதையும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் பெருக்குங்கள். ஆயிரத்தில் எழுதிய பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை.

மேலே சொன்ன ரிப்போர்ட் 55 வயதுக்காரருடையது, பிளேட்லெட் ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். 55 பெருக்கல் 38 என்றால் 2,090. 36-ன் வர்க்கமூலம் 6. அதை 150-ஆல் பெருக்கினால் 900. விடை 2.3. இது 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுவானது. இவர் இடையில் நிற்கிறார், அடுத்த பரிசோதனை தேவை. ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை!

எல்லோர் கையிலும் இந்தக் கணக்கைக் கொடுத்தால் வீண் பயம்தான் மிஞ்சும் என்கிற டாக்டர்களும் உண்டு. 35 வயதுக்குக் கீழே இது சரியாக வராது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று கொள்ளவேண்டும். ஆனால் நாற்பதைக் கடந்து, சர்க்கரையும் உள்ளவர் இதைக் கேட்காமல் வருவது சரியில்லை. அடுத்த கட்டமான ஃபைப்ரோஸ்கேனுக்கு ஊசிகூடக் கிடையாது. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போய்ப் படுத்தால், விலா இடுக்கில் கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள்.

தழும்பு இருப்பது தெரிந்தாலும் வழி இருக்கிறது. கொழுப்புக் கல்லீரல்காரர்களில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்த பலருக்குத் தழும்பே ஓரளவு குறைந்ததை பயாப்ஸி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ.