சந்திரமதி ஆணாக இருந்த ஊரிலிருந்து

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட பிறகு அம்மம்மாவை ஊர் பார்க்கக் கூட்டிப்போனேன். 1990இல் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. அதனால் ஊரை நினைவோடு பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. எங்கள் வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அம்மம்மா அழவில்லை. கோயில் வீதிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதிலதான் கொட்டகை போடுவினம். பாயும் சாக்கும் கொண்டுபோய் விடிய விடிய மயான காண்டம் பாப்பம்."

சந்திரமதியாக நடித்த நடிகை யார் என்று கேட்டேன். சிரித்தார். "நடிகையோ? அது ஆம்பிளையடி பிள்ளை. ராத்திரி அந்தாள் லோகிதாசனை மடியில வைச்சு அழ, நாங்களும் அழுவம். விடிஞ்சு பாத்தா சந்தையில மீன் விலை பேசிக்கொண்டு நிக்கும்."

அம்மம்மாவுக்கும் நல்ல குரல். மேடையேற ஆசை இருந்ததா என்று கேட்டேன். "பாட்டு வரும். மேடையெண்டால் வேற கதை. பேந்து ஆர் கலியாணம் கட்டுறது?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பக்கத்து ஊரான காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி.வி. வைரமுத்துவை (1924–1989) யாழ்ப்பாணம் அரிச்சந்திரனாகவே நினைவில் வைத்திருக்கிறது. அது அவருக்குத் தகுந்த மரியாதை. ஆனால் அந்த இசை நாடக மரபில், ஊர்க் குழுக்களின் பெண் பாத்திரங்களைப் பெரும்பாலும் ஆண்களே ஏற்றார்கள். பெண் வேடமிட்ட ஆணை ஊர் கொண்டாடியது. மேடையேறிய பெண்ணை மட்டும் வேறு கண்ணால் பார்த்தது.

லண்டனிலும் இதே கணக்கு

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. இங்கிலாந்தில் 1660 வரை பொதுமேடையில் பெண் பாத்திரங்களைப் பையன்களே நடித்தார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் நடிகைகள் பெரும் புகழ் பெற்றார்கள். ஆனால் புகழோடு மரியாதையும் சேர்ந்து வரவில்லை.

எலன் டெரியை (1847–1928) எடுத்துக்கொள்வோம். 16 வயதில், தன்னைவிட 30 வயது மூத்த ஓவியரைக் கலியாணம் செய்தார். அது நிலைக்கவில்லை. பிறகு கலியாணம் செய்யாமலே இன்னொருவரோடு வாழ்ந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்றார். சில வருடங்கள் மேடையை விட்டு விலகியிருந்து திரும்பினார். 1878 முதல் ஹென்றி இர்விங்கோடு லைசியம் அரங்கில் நடித்து நாட்டின் முதல் நடிகையானார். 1888இல் மேக்பெத் சீமாட்டியாக அவர் அணிந்த பச்சை உடையில் சுமார் 1,000 பொன்வண்டுச் சிறகுகள் தைக்கப்பட்டிருந்தன. நாங்கள் சின்ன வயதில் நெருப்புப்பெட்டிக்குள் பிடித்து வளர்த்தோமே, அதே பொன்வண்டு இனம்தான். அந்த உடை இன்றும் கென்ட் மாவட்டத்தில் அவர் வாழ்ந்த வீட்டில் பாதுகாக்கப்படுகிறது.

அவரோடு சரிசமமாக மேடையைப் பகிர்ந்த இர்விங்குக்கு 1895இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. எலன் டெரிக்கு அதற்கு இணையான 'டேம்' பட்டம் கிடைத்தது 1925இல். 30 வருட இடைவெளி.

கும்பகோணமும் கொடுமுடியும்

அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களையே கொண்ட ஒரு நாடகக் கம்பெனியை நடத்தினார். ஆண் வேடங்களும் பெண்களுக்கே. எங்கள் கொட்டகையின் நேர்மாறான காட்சி. அவர் நாடகம் பார்ப்பதற்கென்றே சிறப்பு ரயில்கள் விடப்பட்டன என்பது நாடக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. தேவதாசி மரபில் வந்தவர் என்பதால், இழக்க 'நல்ல பெயர்' ஒன்றும் இல்லை என்று சமூகம் முன்பே தீர்மானித்திருந்தது. கைதட்டியவர்கள் கடைசியில் கூட இருக்கவில்லை. வறுமையில்தான் இறந்தார்.

கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் எங்களுக்கு இன்னும் நெருக்கமானவர். வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு தென்னிந்தியக் கலைஞர்கள் இலங்கைக்கு வருவது எளிதாயிற்று. 1926இல் அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஜோடியாக மேடையேறியது இலங்கையில்தான். அடுத்த வருடம் கலியாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அதற்குப் பிறகு அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிக்கவில்லை. 1935இல் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நடித்த 'நந்தனார்' படத்தில் அவருக்கு ஆண் வேடம். 1953இல் 'ஔவையார்' படத்தில் கிழவி வேடம். சென்னை மேலவை உறுப்பினராகவும் இருந்தார், 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரது துறவு உண்மையான துக்கத்திலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'அம்மா' என்று ஊர் கைகூப்பியது அந்த வெள்ளைச் சேலையைப் பார்த்த பிறகுதான் என்பதும் உண்மை. ஆண் நடிகர் எவரிடமும் இப்படியொரு விலை கேட்கப்படவில்லை.

மிஞ்சுவது எது?

எலன் டெரியின் குரல் 1911இல் இசைத்தட்டில் பதிவானது. சுந்தராம்பாளின் பாட்டுகளை இன்றும் கேட்கலாம். மேடைக்கே வராத குரல்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எங்கள் ஊரில் படங்களும் கொப்பிகளும் இருந்த வீடுகளே 27 வருடத்தில் இல்லாமல் போயின.

அன்று கிணற்றுக்கட்டில் இருந்தபடி அம்மம்மா சந்திரமதி பாட்டில் நாலு வரி பாடினார். கைப்பேசியில் பதிந்தேன். காற்று இரைச்சல்தான் அதிகம். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் போய்விட்டார்.

கொட்டகைக்கு முன்னால் சாக்கில் இருந்து பார்த்து, பாட்டு முழுவதையும் மனப்பாடம் செய்த பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பது, தொண்ணூறு வயது இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், நடிகர்களின் பெயர்களை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அவருக்கு என்ன பாட்டு வரும் என்றும் கேளுங்கள்.